எல்லாப் பக்கமும் எண்ணியவர்: ரஜனி திராணகம

டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்த எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். ஏதாவது ஒரு டேட்டாசெட்டை டவுன்லோட் பண்ணுவோம், காலியா இருக்கிற செல்லை எல்லாம் தூக்குவோம், மேப் மேல புள்ளி வைப்போம், கலர் மாத்துவோம், ரிவியூவுக்குக் கொண்டு போவோம். உலகத்தில் நடக்கும் போர்களுக்கும் இப்படி டேட்டாசெட் இருக்கு, தெரியுமா? சுவீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழகம் ஒன்று வைத்திருக்கிறது. ஏக்லெட் என்ற அமைப்பு இன்னொன்று வைத்திருக்கிறது. சூடான், சோமாலியா, மியான்மர் என்று எந்த நாட்டை எடுத்தாலும் ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. தேதி, ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, யார் தாக்கினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள்.

அந்த ஷீட்டில் ஓரமா ஒரு காலம் இருக்கும் (நேரம் இல்லைங்க, எக்செல் காலம்). அதன் பெயர் சோர்ஸ். இந்தத் தகவலை யார் சொன்னது என்பது அதில் இருக்கும். நாம முதல்ல டெலிட் பண்றது பெரும்பாலும் அதைத்தான். அதை வெச்சு கிராஃப் போட முடியாதே! இந்தக் கட்டுரை அந்த இடத்தில் இருந்த ஒருவரைப் பற்றியது.

அவர் பெயர் ரஜனி திராணகம. டாக்டர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைத் தலைவர். அதாவது அனாட்டமி ஹெச்.ஓ.டி. 1989 செப்டம்பர் 21 அன்று, 35 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம யாரும் அப்போ பிறக்கவே இல்லை. இலங்கையில் அவர் பெயரைப் பலருக்கும் தெரியும். அவர் வாழ்க்கை 2005இல் ஆவணப்படமாகவும் வந்தது. ஆனால் நம்ம பக்கம், தமிழ்நாட்டில், அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஏன் குறைவு என்பதற்கும் ஒரு காரணம் இருக்கு. படிக்கும்போது உங்களுக்கே புரியும்.

கொழும்பு, ஹல்துமுல்ல, யாழ்ப்பாணம்

ரஜனி 1954 பிப்ரவரி 23 அன்று யாழ்ப்பாணத்தில் பிறந்தார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நான்கு சகோதரிகளில் இரண்டாமவர். 1973இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே மாணவர் அரசியலில் இறங்கினார். அப்போதுதான் தயாபால திராணகமவைச் சந்தித்தார். அவர் களனிப் பல்கலைக்கழகத்தின் மாணவர் தலைவர். கிராமத்துச் சிங்கள பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர். 1977இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான பெரிய கலவரம் ஒன்று நடந்தது. அந்தச் சூழலில் ஒரு தமிழ்ப் பெண்ணும் சிங்கள ஆணும் கல்யாணம் பண்றதுன்னா என்ன அர்த்தம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

1978இல் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் பயிற்சி டாக்டர். அடுத்து மலையகத்தில் ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹல்துமுல்ல என்ற சின்ன ஊரில் வேலை. 1980 வாக்கில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி, புதிதாகத் தொடங்கியிருந்த மருத்துவ பீடத்தில் உடற்கூறியல் விரிவுரையாளர் ஆனார். இரண்டு பெண் குழந்தைகள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அதில் போயின. 1982இல் ரஜனியின் அக்கா நிர்மலா பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். அந்தக் காலத்தில் ரஜனி விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாக இருந்தார். காயம்பட்டு வந்த போராளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1983இல் காமன்வெல்த் உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். லிவர்பூல் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு. அங்கிருந்தும் அக்காவின் விடுதலைக்காகவும் இலங்கை அரசின் அடக்குமுறைக்கு எதிராகவும் வேலை செய்தார்.

ஆனால் தூரத்தில் இருந்து பார்க்கும்போது அவருக்கு இன்னொன்றும் தெரிந்தது. இயக்கங்கள் தங்களுக்குள் கொலை செய்துகொண்டன. கேள்வி கேட்பவர்கள் துரோகி ஆனார்கள். 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் டெலோ இயக்கத்தைத் தாக்கி அழித்தார்கள். செத்தது தமிழ் இளைஞர்கள், சுட்டதும் தமிழ் இளைஞர்கள். ரஜனி இயக்கத்தை விட்டு விலகினார்.

இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலானோர் என்ன செய்வோம்? இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் படிப்பு, டாக்டர் வேலை, இரண்டு குழந்தைகள். அங்கேயே செட்டில் ஆகிவிடுவோம், இல்லையா? அவர் 1986இல் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார்.

நம்ம ராணுவம்

1987 ஜூலை 29 அன்று இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன. இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்துக்குப் போனது. அமைதிக்காகப் போன படை அக்டோபர் 10 முதல் புலிகளோடு போரில் இறங்கியது. அந்தப் போரில் 1990க்குள் சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அந்த எண் நமக்குத் தெரியும். நினைவுச் சின்னங்களில் பெயர்களே இருக்கு.

யாழ்ப்பாணத்து மக்கள் எத்தனை பேர் இறந்தார்கள்? இங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள். அன்றும் மறுநாளும் நோயாளிகளும் ஊழியர்களுமாக 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மூன்று டாக்டர்கள். இரு தரப்பும் சுட்டுக்கொண்டதில் நடுவில் சிக்கி இறந்தார்கள் என்பது ராணுவத் தரப்பு. உள்ளே இருந்து உயிர் பிழைத்தவர்கள் சொன்னது வேறு.

ரஜனி ஒரு டாக்டர். இறந்தவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள், அவருடைய தொழிலைச் செய்தவர்கள். அந்தக் கோபத்தை அவர் ஒரு வேலையாக மாற்றினார். ஊர் ஊராகப் போய் என்ன நடந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கினார். அந்தப் போரில் பெண்களுக்கு நடந்த கொடுமைகளை, பலரும் வெளியே பேசவே தயங்கிய விஷயங்களை, அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்காகத் தொடங்கிய பூரணி என்ற இல்லத்திலும் அவர் பங்கு இருந்தது. போரில் மூடிக் கிடந்த பல்கலைக்கழகத்தை மறுபடி இயங்க வைக்க முன்னால் நின்றவர்களிலும் அவர் ஒருவர்.

இரண்டு கணக்கு வாத்தியார், ஒரு மனநல மருத்துவர், ஓர் உடற்கூறியல் பேராசிரியர்

1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பு உருவானது. அதன் யாழ்ப்பாணக் கிளையைத் தொடங்கியவர்களில் ரஜனி ஒருவர். ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன், தயா சோமசுந்தரம், ரஜனி ஆகிய நான்கு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். ஹூலும் ஸ்ரீதரனும் கணிதத் துறை. சோமசுந்தரம் மனநல மருத்துவர். புத்தகத்தின் தமிழ்ப் பெயர் முறிந்த பனை. பனை யாழ்ப்பாணத்தின் அடையாள மரம். அதனால் பெயரே எல்லாம் சொல்லிவிடும்.

அந்தப் புத்தகத்தில் இலங்கை அரசு செய்தது இருக்கிறது. இந்திய ராணுவம் செய்தது இருக்கிறது. புலிகள் செய்தது இருக்கிறது. மற்ற இயக்கங்கள் செய்ததும் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல். இப்போ புரியுதா, நம்ம பக்கம் ஏன் இவரை அதிகம் பேசுவதில்லைன்னு? தேசபக்தி பேசுபவருக்கு ஒரு அத்தியாயம் உறுத்தும். ஈழ ஆதரவு பேசுபவருக்கு இன்னொரு அத்தியாயம் உறுத்தும். எந்த மேடையிலும் முழுசாகத் தூக்கிப் பிடிக்க முடியாத புத்தகம் அது.

இதில் என்ன பெரிய கஷ்டம், நடந்ததை எழுத வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோணலாம். நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்றேன். எனக்கு வேப்பனப்பள்ளி. ஒரு பக்கம் கர்நாடகாவின் கோலார் மாவட்டம், இன்னொரு பக்கம் ஆந்திராவின் குப்பம். ஒரே டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது நாங்க ஏழாவது படிச்சுக்கிட்டு இருந்தோம். ஓசூர் பக்கம் ஜூஜூவாடியோடு பஸ் நின்றுவிட்டது. ஜனங்க பையைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளிக்கு நடந்தார்கள். எத்தனை வண்டி எரிஞ்சது, யார் முதல்ல அடிச்சதுன்னு அந்த டீக்கடையில் மொழிக்கு ஒரு கணக்கு ஓடியது. அவரவர் சொந்தக்காரர் சொன்னது அவரவருக்கு உண்மை. இதைப் போரோடு ஒப்பிடவில்லை. ஆனால் டிவி, போன், வாட்ஸ்அப் எல்லாம் இருந்தும் 100 கிலோமீட்டர் தூரத்துச் செய்திக்கு இந்த நிலைமை. ஊரடங்கு, துப்பாக்கி, தெருமுனையில் செக்போஸ்ட், பேசினால் உயிர் போகும் என்ற பயம், இதெல்லாம் இருக்கும் ஊரில் ஒரு சம்பவத்தை உறுதி செய்வது எப்படி இருக்கும்?

ஒரு மரணம் எப்படி டேட்டா ஆகிறது

இப்போ கொஞ்சம் நம்ம பாடத்துக்கு வருவோம். நியூமெரிக்கல் மெத்தட்ஸில் ரிச்சர்ட்சன் எக்ஸ்ட்ராபொலேஷன் படிச்சிருப்பீங்க. அந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்தான் போர்களைக் கணக்கெடுப்பதற்கும் முன்னோடி. முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்து ஆம்புலன்ஸ் ஓட்டியவர். 1953இல் இறந்தார். 1820க்குப் பிறகு நடந்த போர்களை எல்லாம் திரட்டி, நிலநடுக்கத்துக்கு ரிக்டர் அளவு மாதிரி போருக்கும் ஒரு அளவு வைத்தார். இறந்தவர் எண்ணிக்கையின் லாக், பத்தை அடிமானமாக வைத்து. பத்து லட்சம் பேர் இறந்தால் 6. ஆயிரம் பேர் இறந்தால் 3. ஒரே ஒருவர் கொல்லப்பட்டால் 0. லாக் ஒன்று பூஜ்யம்தானே.

இன்றைய டேட்டாசெட்கள் இன்னும் கவனமானவை. உப்சாலாவின் கணக்கில் ஒரு சம்பவத்துக்கு மூன்று எண்கள் இருக்கும்: குறைந்தபட்சம், அதிகபட்சம், நம்பத்தகுந்தது. இடம் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதற்குத் தனியாக ஒரு கோடு எண். சரியான தெரு தெரியுமா, மாவட்டம் மட்டும்தான் தெரியுமா என்று. அரசோடு மோதல் ஒரு வகை, இயக்கங்களுக்குள் மோதல் ஒரு வகை, ஆயுதம் இல்லாத மக்களைக் கொல்வது மூன்றாவது வகை. கடைசி வகையில் அரசு கொன்றாலும் இயக்கம் கொன்றாலும் ஒரே விதிதான். சம்பவவாரியான அந்த உலகக் கணக்கு 1989ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

இதெல்லாம் நல்ல டிசைன், சந்தேகம் இல்லை. ஆனால் உப்சாலாவில் உட்கார்ந்து கோடு போடுபவர் யாழ்ப்பாணத்துச் சந்துக்குள் போக முடியாது. அவர் செய்தித்தாளையும் மனித உரிமை அறிக்கைகளையும் படிப்பார். அறிக்கை இருந்தால் வரி இருக்கும். அறிக்கை இல்லாத ஊரில் மேப் வெறுமையாக இருக்கும். நாம அதைப் பார்த்து அங்கே அமைதின்னு நினைச்சுக்குவோம். மெஷின் லேர்னிங்கில் மிஸ்ஸிங் டேட்டான்னு ஒரு யூனிட் முழுக்கப் படிக்கிறோமே, அதன் மோசமான உதாரணம் இதுதான். எங்கே பயம் அதிகமோ அங்கே டேட்டா குறைவு. சராசரியைப் போட்டு அதை நிரப்ப முடியாது.

ஒரு தரப்பு மட்டும் எண்ணினாலும் இதே கதைதான். அரசு புலிகளின் கொலைகளை எண்ணும். புலிகள் அரசின் கொலைகளை எண்ணுவார்கள். இரண்டும் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை, இரண்டும் பாதி. மீதியை எழுத அந்த மண்ணிலேயே வாழும் ஒருவர் வேண்டும். மக்கள் நம்பிப் பேசுகிற ஒருவர். ஆயுதம் வைத்திருக்கும் யாருக்கும் கணக்கு காட்டத் தேவையில்லாத ஒருவர். 1988, 1989இல் யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைச் செய்த மிகச் சிலரில் ரஜனி ஒருவர்.

செப்டம்பர் 21

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி என்று ஒரு ஊர் உண்டு. நம்ம நெல்லை இல்லை. பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1989 செப்டம்பர் 21 அன்று ரஜனி வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் சுட்டுக் கொன்றார்கள். புத்தகம் அப்போது முன்பிரதிகளாகச் சிலர் கைக்குப் போயிருந்தது. அடுத்த ஆண்டுதான் அமெரிக்காவில் முறையாக அச்சாகி வெளிவந்தது.

கொன்றது விடுதலைப் புலிகள் என்பது அவருடைய குடும்பமும் அவரோடு எழுதியவர்களும் தொடர்ந்து சொல்லி வருவது. இந்த வரியைப் படிக்கும்போது உங்களில் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். மருத்துவமனை பற்றிய பத்தியில் வேறு சிலருக்கு வந்திருக்கும். இரண்டு பேரும் மற்ற பத்தியையும் இன்னொரு தடவை படியுங்கள். அதுதான் அவர் செய்த வேலை.

ரிச்சர்ட்சன் அளவில் அந்த மரணத்தின் மதிப்பு 0. ஒருவர் தான் இறந்தார். ஆனால் அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் யார் வாய் திறப்பார்கள் என்று யோசியுங்கள். ஒரு சாட்சியைக் கொன்றால், அவர் எழுதியிருக்கக்கூடிய நூற்றுக்கணக்கான வரிகள் எந்த ஷீட்டிலும் வராமல் போகும். அந்த இழப்பை அளக்க எந்த அளவுகோலும் இல்லை.

அதற்குப் பிறகு

அமைப்பு நிற்கவில்லை. ஹூலும் ஸ்ரீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. மறைவாக இருந்துகொண்டே அறிக்கைகளை எழுதினார்கள். 1990 அக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதையும் எழுதினார்கள். அரசுப் படைகள் செய்ததையும் எழுதினார்கள். 2007இல் அவர்கள் இருவருக்கும் மனித உரிமைக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், கடைசி மாதங்களில் வன்னியில் என்ன நடந்தது என்று ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார்கள். ரஜனியின் மகள் ஷாரிகா மானுடவியலாளர் ஆனார். இலங்கைப் போர் மக்களை என்ன செய்தது என்பதைப் பற்றி 2011இல் ஒரு நூல் எழுதினார்.

கடைசிப் போரில் இறந்த பொதுமக்கள் எத்தனை பேர்? 40,000 வரை இருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. இலங்கை அரசு ஒத்துக்கொண்ட எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. இத்தனை ஆண்டுகள் கழித்தும் எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரு எண் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் ரஜனி மாதிரி ஒருவர் உயிரோடு இருந்து எழுதியிருந்தால் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

உங்களுக்கு இதில் என்ன வேலை? இரண்டு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன்.

ஒன்று, அடுத்த முறை ப்ராஜெக்ட்டுக்கு இந்த மாதிரி டேட்டா எடுத்தால் சோர்ஸ் காலத்தை டெலிட் பண்ணாதீங்க. ஒரு நாட்டில் எத்தனை வரிகள் யாருடைய அறிக்கையிலிருந்து வந்தவை, ஒரே தரப்பிலிருந்து மட்டும் வந்தவை எத்தனை என்று முதலில் ஒரு டேபிள் போடுங்க. புள்ளியே இல்லாத இடத்தில் மேப்பைப் பச்சையாக்காமல் சாம்பல் நிறத்தில் விடுங்க. தகவல் இல்லை என்பதும் அமைதி என்பதும் வேறு வேறு. ரிவியூவில் மார்க் இதற்கு வராமல் போகலாம். பரவாயில்லை.

இரண்டு, நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நம்மோடு பஸ்ஸில் வருவார்கள், பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள். அவர்களிடம் போய் சர்வே ஃபார்ம் நீட்ட வேண்டாம். ஆனால் அவர்கள் வீட்டுப் பாட்டியோ பெரியப்பாவோ தானாகச் சொல்லத் தொடங்கினால், யார் செய்தது என்று கேட்டதும் பாதியில் நிறுத்தாமல், நமக்குப் பிடிக்காத பெயர் வந்தாலும் கடைசி வரை கேளுங்கள்.